மடைக்காரர் கூலி

2025 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. ஊரில் இருந்தேன். பிசான நடவு தொடங்கியிருந்த நேரம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கம்பெனியில் இரண்டு வாரத்துக்கு அனுமதி வாங்கி வந்திருந்தேன். மத்தியானச் செய்தியில் டெல்லி விமான நிலையத்தைக் காட்டினார்கள். பெட்டிமேல் தலைவைத்துப் படுத்திருக்கும் ஜனம், பலகை முழுக்க தாமதம், தாமதம், தாமதம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில், அதாவது ஏடிசியில், செய்திகளைப் பிரித்தனுப்பும் கணினி அமைப்பு கோளாறாகிவிட்டது. அன்று 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏடே, ஒரு மெஷின் நின்னுபோச்சுன்னா எண்ணூறு பிளேனுமா நிக்கும்?"

"நிக்கும்ப்பா. கெளம்புறதுக்கு முன்னாடி எந்த வழியா, எந்த உயரத்துல, எத்தன மணிக்குப் போறேன்னு ஒவ்வொரு பிளேனும் ஒரு சீட்டு குடுக்கணும். அந்தச் சீட்டயெல்லாம் பிரிச்சு அனுப்புற மெஷின் படுத்துட்டு. இப்ப கையால போட்டுட்டு இருக்காவ."

அப்பா கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். "பாத்துக்கிட ஆளு இல்லாமப் போயிருக்கும். நம்ம கால்ல மடைக்காரன் போன கத மாதிரி" என்றார்.

அப்பா சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. தவறு என்னவென்றால், டெல்லியில் ஆள் இருந்தது. ஆள் இருந்ததால்தான் விமானங்கள் தாமதமாயின, மோதிக்கொள்ளவில்லை. கணினி செய்யவேண்டியதை மனிதர்கள் கையால் செய்ததற்கான விலைதான் அந்தத் தாமதம். சரியான பாதி எது என்பதை யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

அந்தச் சீட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள்காரன். என் தொழிலும் செய்திகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தொலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

விமானங்களைப் பற்றிய தகவல்கள் உலகம் முழுக்க ஒரு தனி வலையில் பயணிக்கின்றன. தொலையச்சு காலத்தில் பிறந்த வலை அது. ஒரு வரிக்கு 69 எழுத்துகளுக்குமேல் கூடாது, எல்லாம் பெரிய எழுத்து, பெறுபவரின் முகவரி எட்டு எழுத்து என்று அந்தக் காலத்து விதிகள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விமான நிறுவனம் தரும் பயணத் திட்டம் இந்த வலைக்குள் நுழைகிறது. அதை யார் யாருக்கு அனுப்பவேண்டுமோ அவர்களுக்கெல்லாம் பிரித்து அனுப்புவது செய்தி மாற்றி. அங்கிருந்து அது கட்டுப்பாட்டாளரின் கணினிக்குப் போகிறது. திரையில் தெரியும் புள்ளிக்குப் பக்கத்தில் விமானத்தின் பெயர், போகுமிடம், வாங்கியிருக்கும் உயரம் எல்லாம் வருவது இந்தத் திட்டம் வந்துசேர்ந்தால்தான். வராவிட்டால் ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து உள்ளிட வேண்டும்.

மென்பொருள்காரர்கள் இதைக் கேட்டதும் ஒரு பரிதாபச் சிரிப்பு சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வராது, காரணம் உண்டு. முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் இதேபோன்ற ஒரு செய்தி வரிசை என் பொறுப்பில் இருந்தது. பழைய பதிப்பு. புதுப்பிக்க ஆறு வார வேலை என்று கணக்குப் போட்டேன். காலாண்டுக் கூட்டத்தில், "இதனால் வாடிக்கையாளருக்குப் புதிதாக என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். ஒன்றும் தெரியாது. அடுத்த காலாண்டுக்குத் தள்ளினார்கள். மூன்று முறை தள்ளினார்கள். மூன்று முறையும் நான் தலையாட்டினேன். ஒரு தீபாவளிக்கு முந்திய இரவு அது நின்றது. ஆறு மணி நேரம் ஓர் ஆர்டர்கூட நகரவில்லை. யாரும் சாகவில்லை. விடிந்ததும் ஒரே கேள்விதான்: "முன்னாடியே ஏன் சொல்லல?"

சொல்லியிருந்தேன். பணத்தின் பாஷையில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பார்க்காமல் விட்டால் எவ்வளவு போகும் என்பதை நான் எழுதிக் காட்டியதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்குப் பணம் கேட்பது எப்போதும் கஷ்டம். நன்றாக ஓடுகிறது என்பதே கொடுக்காமலிருக்கக் காரணமாகிவிடும்.

டெல்லி விஷயத்தில் சொல்லத்தான் செய்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான ஏடிசி கில்டு, பெரிய நிலையங்களின் கணினி அமைப்புகள் மெதுவாகிவருவதாக ஜூலை மாதமே எழுதியிருந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு விமானப் பாதுகாப்பு பற்றித் தந்த அறிக்கையும் ஆள் பற்றாக்குறையையும் அதனால் வரும் சோர்வையும் பற்றிக் கவலைப்பட்டது. நவம்பரில் டிவிக்கு வந்தது.

*

இதெல்லாம் டெல்லிக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று திருநெல்வேலியில் உட்கார்ந்து நினைக்கலாம். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலில் தண்ணீர் வாங்கும் ஊர். வடக்கே வாகைகுளத்தில் விமான நிலையம். தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர், ஆனால் திருநெல்வேலிக்காரர்களுக்கும் அதுதான். 1992இல் திறந்தபோது 1,350 மீட்டர் ஓடுபாதை. சின்ன விசிறி விமானம்தான் இறங்கும். இப்போது 3,115 மீட்டர். ஏறக்குறைய 450 கோடி ரூபாய் செலவில் விரிவாக்கி, 2025 ஜூலை 26 அன்று பிரதமர் புது முனையத்தைத் திறந்துவைத்தார். ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு பார்க்கப் போனார்கள்.

மாடியில் நின்றால் விமானம் தாழ்ந்து வருவது தெரியும். அது தெரியாத உயரத்திலும் ஆகாயத்தில் நெரிசல் உண்டு. கொழும்பிலிருந்து வடக்கே போகிறவை, கிழக்கு நாடுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவை. நம் தலைக்கு மேலிருப்பது சென்னையின் பொறுப்பிலுள்ள வான்பகுதி. இந்தியா கவனித்துக்கொள்ளவேண்டிய மொத்த வானம் 28 லட்சம் சதுரக் கடல்மைல். அதில் நிலத்தின்மேல் இருப்பதைவிடக் கடலின்மேல் இருப்பது அதிகம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் பகுதிகளாகப் பிரித்து, இந்திய விமான நிலைய ஆணையம் பார்த்துக்கொள்கிறது. இதில் புதுப் பங்காளியும் வரப்போகிறார். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியாயிற்று. ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்கு மேலுள்ள வானத்தைக் கொஞ்ச நேரம் மூடவேண்டும். மற்றவர்களைச் சுற்றி அனுப்பவேண்டும்.

இந்த வேலை சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெயர் இருக்கிறது: சர்க்கி தாத்ரி. 1996 நவம்பர் 12, சாயங்காலம். டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானம் 14,000 அடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. எதிரே இறங்கி வந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்கவேண்டும் என்று உத்தரவு. அது நிற்காமல் கீழே வந்துவிட்டது. 349 பேர். இரண்டு விமானங்களிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தப்பு கஜகஸ்தான் விமானிகளுடையது என்று விசாரணை சொன்னது. ஆனால் அன்று டெல்லி கட்டுப்பாட்டாளர் பார்த்துக்கொண்டிருந்த ரேடார், விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. உயரத்தை அவர் விமானி சொல்லித்தான் நம்பவேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வழித்தடம். வழித்தடங்களைப் பிரித்தது, மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது எல்லாம் அதற்குப் பிறகு.

வானத்தில் கருவிகள் வருவதற்குப் பெரும்பாலும் முன்னால் ஒரு சாவு இருக்கிறது. பணம் ஒதுக்குவதற்கு நாம் எப்போதும் ஒரு சடலத்தைக் கேட்கிறோம்.

*

இனி அப்பா சொன்ன மடைக்காரர்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலே கோடைமேலழகியானில் தொடங்கி கடைசியில் ஸ்ரீவைகுண்டம். அந்தக் கடைசி அணைக்கட்டு மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, மற்றவை அதற்கும் முந்தியவை. மொத்தம் 86 ஆயிரம் ஏக்கர் சொச்சம் பாசனம். நாங்கள் கடைசி அணைக்கட்டுக்காரர்கள். கடைமடை என்ற சொல் எங்களுக்குப் பாடப்புத்தகச் சொல் இல்லை. மேலே உள்ளவர்கள் வாங்கியது போக மிஞ்சுவதுதான் எங்கள் விதி.

என் சின்ன வயதில் ஊர்க்காலில் ஒரு மடைக்காரத் தாத்தா இருந்தார். எந்த வயலுக்கு எந்த ராத்திரி தண்ணீர் என்பது அவர் தலையில் இருந்தது. மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாக இரண்டு மணிக்கும் கால்கரையில் நடப்பார். ஷட்டர் திருகுக்கு மசகு போடுவது, அடைத்துக்கிடக்கும் செத்தையை எடுப்பது, நண்டுவளையை மிதித்து அடைப்பது எல்லாம் அவர்தான். அறுவடையில் களத்திலேயே அவர் பங்கு அளந்துவிடுவார்கள். இத்தனை விதைப்பாட்டுக்கு இத்தனை மரக்கால் என்று கணக்கு. வீட்டுக்கு நெல் போவதற்கு முன்னால் அவர் பங்கு போகவேண்டும். காரிலும் உண்டு, பிசானத்திலும் உண்டு. அவருக்கு அளக்காமல் நெல்லை மூட்டை கட்டினால் களத்தில் சண்டை வரும்.

அதில் நான் பிற்பாடு புரிந்துகொண்ட மூன்று விஷயங்கள் உண்டு. நிலத்துக்குத் தக்க கூலி. பெரிய பண்ணை அதிகம் கொடுக்கும், அரைக்காணிக்காரன் கொஞ்சம் கொடுப்பான், ஆனால் எல்லாரும் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, அந்த நெல் வேறு எதற்கும் போகாது. கோயில் கொடைக்கு வசூல் குறைகிறது என்று மடைக்காரர் பங்கில் கைவைக்க முடியாது. மூன்றாவது, கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் அவர் வேலைக்கான அளவுகோல். தலைமடைக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் தேவையில்லை, தண்ணீரே போய்விடும்.

அது எப்படி நின்றது? யாரும் நிறுத்தவில்லை. களம் போய் அறுவடை இயந்திரம் வந்தது. நெல் வயலிலிருந்தே வியாபாரிக்குப் போனது. மரக்கால் பணமானது. பணத்தை அடுத்த பூவுக்குத் தருகிறேன் என்றார்கள். தாத்தா இறந்தபின் அவர் மகன் திருப்பூர் போய்விட்டார். கால் பொதுப்பணித்துறையுடையதுதானே, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எங்கள் வீட்டிலும் சொன்னோம். நானே சொல்லியிருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த வெள்ளத்தை எந்த மடையும் மடைக்காரரும் தடுத்திருக்க முடியாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வெள்ளம் இறங்கிய பிறகும் எங்கள் வயல்களுக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஊர்க்கால் தலைப்பு ஷட்டரை இறக்கினால் நின்றுவிடும். இறக்க முடியவில்லை. திருகு துருவேறிக் கட்டையாகியிருந்தது. நாலு பேர் கடப்பாறை போட்டும் அசையவில்லை. வெல்டிங்காரர் வந்து அறுத்து இறக்குவதற்கு ஐந்து நாள் ஆனது. அதற்குள் பிசான நடவு அழுகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு டப்பா மசகு, ஓர் ஆளின் கூலி. நாங்கள் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.

*

வானத்துக்கு யார் மசகு போடுவது, கூலி யார் அளப்பது என்பதற்கு உலகத்தில் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. இரண்டும் சோதனைக்கு உள்ளானதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

டெல்லியில் கணினி நின்ற அதே நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்கும் உத்தரவு அன்றுதான் அமலுக்கு வந்தது. அங்கே ஏடிசி அரசுத் துறை. டிக்கெட் வரியும் எரிபொருள் வரியும் ஒரு நிதியில் சேர்கின்றன, ஆனால் செலவழிக்க ஒவ்வொரு வருஷமும் நாடாளுமன்றம் கையெழுத்திட வேண்டும். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள், கையெழுத்தாகவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். பலர் வர முடியவில்லை. அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2024இல் சொன்னது: ஏடிசியின் 138 கணினி அமைப்புகளில் 51 இனி தாங்காது. உலகின் பணக்கார நாட்டில் பணம் இல்லாமல் இல்லை. பணம் வருஷா வருஷம் அரசியல் சண்டைக்குள் போய்வர வேண்டியிருக்கிறது. இருபது வருஷம் உழைக்கவேண்டிய கருவியை ஒரு வருஷத்துப் பட்ஜெட்டில் எப்படி வாங்குவது?

கனடா இன்னொரு வழி. 1996 நவம்பரில் அரசு தன் ஏடிசியை 150 கோடி கனடா டாலருக்கு நாவ் கனடா என்ற லாபநோக்கில்லாத நிறுவனத்துக்கு விற்றது. பயன்படுத்துகிறவர்கள் கட்டணம் கட்டுவார்கள், அந்தப் பணம் வானத்துக்கு மட்டும். மடைக்காரர் நெல் மாதிரிதான். கருவிகள் சீக்கிரம் புதிதாயின. உலகமே பாராட்டியது. அப்புறம் கொரோனா வந்தது. விமானம் பறக்கவில்லை என்றால் கட்டணம் இல்லை. 2020 செப்டம்பரில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கட்டணத்தை ஏற்றினார்கள், ஆட்களையும் குறைத்தார்கள். விளைச்சல் பொய்த்த வருஷம் மடைக்காரருக்கும் நெல் இல்லை. ஆனால் கட்டுப்பாட்டாளரை விவசாயக் கூலி மாதிரி அடுத்த பூவுக்குக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. ஒருவரைத் தயாரிக்க வருஷக்கணக்கில் ஆகும்.

புதுக் கருவி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் பிரிட்டன் பொய்யாக்கியது. 2023 ஆகஸ்ட் 28. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் திட்டத்தில், உலகின் இரு வேறு மூலைகளில் இருக்கும் இரண்டு வழிப்புள்ளிகளுக்கு ஒரே மூன்றெழுத்துப் பெயர். மென்பொருள் குழம்பி, பாதுகாப்பாக நின்றுகொண்டது. மாற்று அமைப்பு உடனே பொறுப்பேற்றது. அதிலும் அதே மென்பொருள், அதே திட்டம். அதுவும் நின்றது. அன்று அங்கே விடுமுறை நாள். மேல்நிலைப் பொறியாளர் வீட்டிலிருந்து கிளம்பி வரவேண்டியிருந்தது. ஏழு லட்சம் பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். அதைப் படித்தபோது மடைக்காரத் தாத்தா கால்கரையில் படுத்துத் தூங்கியது நினைவுக்கு வந்தது. அவர் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று சின்ன வயதில் புரியாது.

இந்தியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1995இல் உருவான விமான நிலைய ஆணையம் ஒரே கையால் முனையம் கட்டுகிறது, மறு கையால் வானத்தைப் பார்க்கிறது. நம் வானத்தில் பறக்கும் ஒவ்வொரு விமானமும் வழிசெலுத்தும் வசதிக்குக் கட்டணம் கட்டவேண்டும். இங்கே இறங்காமல் மேலாகவே கடந்துபோகிறவர்களும் கட்டவேண்டும். எடையையும் தூரத்தையும் வைத்துக் கணக்கு. இது நியாயமா என்றால், ஐரோப்பாக்காரர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தைப் பாருங்கள்: எடையை 50 டன்னால் வகுத்து, அதன் வர்க்கமூலம். 200 டன் விமானம் 50 டன் விமானத்தைவிட நாலு மடங்கு கனம், ஆனால் கட்டணம் இரண்டு மடங்குதான். வாகைகுளத்துக்கு வரும் ஏடிஆர் 23 டன், அதற்கு 0.68 பங்கு. கட்டுப்பாட்டாளருக்கு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. வேலையைப் பார்த்தால் சமமாகக் கட்டவேண்டும், வசதியைப் பார்த்தால் கனத்துக்குத் தக்கபடி கட்டவேண்டும். வர்க்கமூலம் அந்த இரண்டுக்கும் நடுவில் போட்ட சமாதானம். எங்கள் களத்துக் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஆக, வசூலிக்கும் முறையில் பெரிய குறையில்லை. என் சந்தேகம் வசூலான பிறகு என்ன ஆகிறது என்பதில்தான். வான்வழிக் கட்டணமும், டெல்லி, மும்பை தனியார் நிலையங்கள் தரும் வருமானப் பங்கும், கடை வாடகையும் ஒரே நிறுவனத்துக்குள் வருகின்றன. முனையம், ஓடுபாதை, சம்பளம், கருவி, அரசுக்கான லாபப் பங்கு எல்லாம் அங்கிருந்தே போகின்றன. டெல்லி, மும்பைக் காசு சின்ன ஊர்களைத் தாங்குகிறது. அது நல்லது, தலைமடைக்காரன் கடைமடைக்குக் கடன்பட்டவன்தான். ஆனால் ஒரே குதிருக்குள் எல்லா நெல்லும் கிடக்கும்போது முதலில் அளக்கப்படுவது எது? திறப்பு விழா உள்ளது. செய்தி மாற்றிக்கு யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள்.

என்னோடு பொறியியல் படித்த ஒருவன் கட்டுப்பாட்டாளராக இருக்கிறான், வடக்கே. டெல்லிச் செய்தி வந்த ராத்திரி பேசினான். "மாப்ள, கோபுரத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டா எல்லாருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ராத்திரி மூணு மணிக்கு ரெண்டு பேர் இருக்கோமா மூணு பேர் இருக்கோமாங்கிறது யாருக்குத் தெரியும்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது ஆள் இருப்பதன் பயன், ஒன்றும் நடக்காமல் விடிவதுதான். அதை எந்த அறிக்கையில் வரவாகக் காட்டுவது?

*

எல்லாமே மோசம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கடைமடைக்கு நேரே தண்ணீர் கொண்டுவந்த வேலை ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. ககன் என்று பெயர். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 774 கோடி ரூபாயில் செய்தது. ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். சாலைக்குப் போதும், ஓடுபாதைக்குப் போதாது. நாடு முழுக்க நிலையங்கள் வைத்து அந்தப் பிழையை அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாக எல்லா விமானத்துக்கும் அனுப்புகிறது ககன். 2015 ஏப்ரல் 21 அன்று, உயரத்தையும் சேர்த்து வழிகாட்டி இறக்கும் தரத்துக்கு அதற்குச் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கருக்கு ஓர் ஏடிஆர் அதை வைத்து இறங்கியது. தரையில் விலையுயர்ந்த கருவியை ஒவ்வோர் ஊரிலும் நட்டுவைக்காமல் சின்ன நிலையத்திலும் துல்லியமாக இறங்கலாம்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சில வருஷம் முன்பு ஒரு நவம்பரில், பெரியப்பா இறந்த செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து காலை விமானத்தில் கிளம்பினேன். வாகைகுளத்துக்கு மேல் மழை. கீழே வெள்ளைத் துணி விரித்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சுற்று சுற்றிவிட்டு விமானம் மதுரைக்குத் திரும்பியது. அங்கிருந்து கார் பிடித்து ஊருக்கு வந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். தெருவில் பூ மட்டும் கிடந்தது. விமானி செய்தது நூற்றுக்கு நூறு சரி. பார்வை இல்லாமல் இறங்கச் சொல்லும் பைத்தியக்காரன் இல்லை நான். அன்று எந்தக் கருவியும் உதவியிருக்காது என்றே வைத்துக்கொண்டாலும், எத்தனை தாழ்வு வரை துணிந்து வரலாம் என்பதைக் கருவிகள்தான் முடிவு செய்கின்றன. பெரிய நகரத்துக்காரனுக்கு மழையில் கிடைக்கும் அரைமணி நேரத் தாமதம், சின்ன ஊர்க்காரனுக்கு 150 கிலோமீட்டராகிறது. கடைமடை என்பது அதுதான்.

ககனால் எங்கள் ஊர் மட்டும் பயன்பெறவில்லை, கிஷன்கர் மட்டும் பயன்பெறவில்லை. எல்லாருக்குமாக ஒரு முறை செலவழித்தது, கடைசி ஆள்வரை போய்ச் சேர்கிறது. இப்படிப்பட்ட செலவுக்குத் தனியாக ஒரு பணம் வேண்டும் என்பதுதான் என் வாதம். வான்வழிக் கட்டணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். அதிலிருந்து முதலில் ஆளுக்கும், பிறகு கருவியின் தேய்மானத்துக்கும் அளக்கட்டும். விளையாத வருஷத்துக்கு ஒரு குதிர் நெல்லைப் பத்திரப்படுத்தட்டும், கனடா பட்ட பாடு நமக்கு வேண்டாம். மிச்சமிருந்தால் முனையம் கட்டட்டும். எந்தக் கருவி எந்த வருஷம் மாற்றப்படவேண்டும் என்ற பட்டியல் பொதுவில் இருக்கட்டும், தள்ளிப்போட்டால் யார் தள்ளினார் என்பதும் அதில் இருக்கட்டும். நான் மூன்று முறை தலையாட்டியது எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் இரண்டாவது முறையே யோசித்திருப்பேன்.

ஏடிசியை ஆணையத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கவேண்டும் என்ற பேச்சு டெல்லியில் பல வருஷமாக வந்து வந்து போகிறது. பிரித்தால் நல்லதா? பிரிட்டன் பிரித்தது, தனியாரையும் சேர்த்துக்கொண்டது. 2023 ஆகஸ்ட் வந்தது. அமெரிக்கா பிரிக்கவில்லை, 43 நாள் வந்தது. மடைக்காரர் ஊர்க்காரரா, அரசு ஊழியரா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. அவர் பங்கை முதலில் அளக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி.

*

அந்த நவம்பரில் நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, காலுக்கு ஆள் போடுவது பற்றிக் கோயில் முன்னால் பேச்சு நடந்தது. ஏக்கருக்கு ஒரு பூவுக்கு 300 ரூபாய் என்று அப்பாவும் இன்னும் மூன்று பேரும் சொன்னார்கள். கால் தலைப்பில் வயல் இருக்கிறவர் ஒருவர், "எனக்கு எப்படியும் தண்ணி வருது, நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார். அப்பா, "வெள்ளத்துல ஒம்ம வயலுந்தானவே முங்குச்சு" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

ராத்திரி அப்பா என் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டுப் பெயர்கள் எழுதினார். மொத்தம் 41 பெயர். 26 பேர் கொடுத்திருந்தார்கள். எங்கள் பெயருக்கு நேரே இரண்டு ஏக்கருக்கு 600 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜிபேயில் அனுப்பினேன்.

"மசகு டப்பா தனி" என்றார் அப்பா. அதையும் அனுப்பினேன்.